காணி உறுதி அலுமாரியிலேயே இருக்கட்டும்

பாலையூற்றிலிருந்து, மகனின் மேற்படிப்புக்கு என்னிடம் ஆலோசனை கேட்டு வந்த தாய் காணி உறுதியையும் கையோடு கொண்டுவந்திருந்தார். கணிதப் பிரிவில் உயர்தரம் எடுத்த மகனுக்குப் பொறியியல் பீடத்துக்கு வேண்டிய இசட் புள்ளி கிடைக்கவில்லை. கொழும்பில் தனியார் பொறியியல் பட்டத்துக்குச் சேர்த்துவிடும்படி கனடா மாமா நாளும் அழைக்கிறார். காணியை ஈடுவைத்தால் முதல் வருடக் கட்டணம் தேறுமாம்.

“பயப்படாதீர்கள் அம்மா” என்று தொடங்கிய நான் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்தினேன். பயப்படத்தான் வேண்டும். முதல் வருடத்துக்குக் காணி போனால் மிச்ச வருடங்களுக்கு எதை ஈடுவைப்பீர்கள்? கட்டணத்தில் பங்கெடுப்பதாக மாமா சொல்லவில்லை. உங்கள் மகனிடம், அந்தத் தம்பியிடம், என்ன விருப்பம் என்றும் யாரும் கேட்கவில்லை.

நான் கேட்டேன். ஒரு கொப்பியை நீட்டினான். வீட்டு வைஃபையின் வலிமையைக் கைபேசியால் அளந்து அறை அறையாக எழுதியிருக்கிறான். ரவுட்டர் அருகே -48 டிபிஎம், குசினியில் -71. டிபிஎம் என்பது அலையின் வலிமையைச் சொல்லும் அளவு; எண் பத்து இறங்கினால் வலிமை பத்தில் ஒன்றாகும். அதாவது குசினியில் கிடைப்பது ரவுட்டர் அருகே உள்ளதில் ஏறக்குறைய இருநூறில் ஒரு பங்கு. “அம்மா குறுக்கே நடந்தால் எண் ஆடுகிறது, ஏன்?” என்று ஓரத்தில் எழுதியிருந்தான்.

இந்தக் கேள்விக்குப் பின்னால் வைஃபை வலையமைப்பைத் திட்டமிடும் ஒரு தொழிலே இருக்கிறது. வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்ரிமீற்றர். சுவரிலும் அலுமாரியிலும் தெறித்துவரும் அலைகள் ஓரிடத்தில் கூடுகின்றன, சற்றுத் தள்ளி ஒன்றையொன்று அழிக்கின்றன. கைபேசியை ஆறு சென்ரிமீற்றர் நகர்த்தினாலே அளவு மாறிவிடலாம். வைஃபையின் இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹேர்ட்ஸில் அலை குட்டையானது, அதனால் இன்னும் குறைந்த நகர்வே போதும். மனித உடலில் பெரும்பகுதி நீர்; அது அலையை உறிஞ்சும், நடக்கும்போது தெறிக்கும் பாதைகளையும் மாற்றும். பெரிய கட்டடத்தில் இன்னொரு சிக்கல்: வைஃபையை வழங்கும் கருவிகளான அக்சஸ் பொயின்டுகள் பல இருக்கும்; எதற்கு எப்போது மாறுவது என்று முடிவுசெய்வது கைபேசிதான். அது பழையதையே பிடித்துக்கொண்டு நடந்தால் பேச்சு அறுந்துபோகும். அதனால்தான் குரல் அழைப்புக்கு -67 டிபிஎம்முக்குக் குறையாத வலிமை எங்கும் கிடைக்கும்படி, ஒன்றின் எல்லை மற்றதோடு கலக்குமாறு திட்டமிடுகிறார்கள்.

தாதியர் நடமாடும் வைத்தியசாலை விடுதி, இரும்புப் பொருட்கள் இடம்மாறும் துறைமுகக் களஞ்சியம், நிலாவெளி ஹோட்டல்கள் எல்லாம் இப்படி நடந்து அளந்து வரைபடம் போடுபவர் வேண்டிய இடங்கள்.

வழி இங்கேயே தொடங்குகிறது. திருகோணமலை உயர் தொழில்நுட்ப நிறுவகத்தில் தகவல் தொழில்நுட்ப உயர் தேசிய டிப்ளோமாவுக்கு விண்ணப்பியுங்கள்; முழுநேர வகுப்புக்குக் கல்விக் கட்டணம் இல்லை. படிக்கும்போதே சிஸ்கோ நிறுவனத்தின் வலையமைப்புச் சான்றிதழான சிசிஎன்ஏ, பிறகு கம்பியில்லா வலையமைப்புக்கென்றே உள்ள சிடபிள்யூஎன்ஏ பரீட்சைகளை எழுதலாம். பரீட்சைக் கட்டணம் உண்டு, ஆனால் அதற்காகக் காணியைத் தொட வேண்டியதில்லை.

மாமாவிடம் நானே பேசுகிறேன். சனிக்கிழமை தம்பியை அனுப்புங்கள், அந்தக் கொப்பியோடு. விண்ணப்பத்தை இருவருமாக நிரப்புவோம்.