நல்ல பள்ளிக்கூடம் இருக்கும் பகுதியாகப் பார்த்துத்தான் வீடு வாங்க வேண்டுமா?

உங்கள் நிலைமையை நான் புரிந்துகொண்டது இது: மகளுக்கு மூன்று வயது. சேமிப்போடு கடனும் சேர்த்து வீடு வாங்கப் போகிறீர்கள். பெயர் பெற்ற பள்ளி இருக்கும் பகுதியில் சின்ன வீடு ஒன்று இருக்கிறது. யாரும் பெரிதாகப் பேசாத பள்ளி இருக்கும் பகுதியில், அதைவிடக் குறைந்த விலைக்கே கொஞ்சம் பெரிய வீடு கிடைக்கிறது. இரண்டில் எது என்று கேட்கிறீர்கள்.

நாங்களும் இதே குழப்பத்தில் ஒன்றரை வருடம் இருந்தோம். பள்ளியைப் பார்த்து வீடு வாங்குவதில் தப்பே இல்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் பள்ளியின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்த வீட்டுக்குக் குடிபோனால் மகளின் சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை எப்படிப் போகும் என்று யோசியுங்கள். எத்தனை மணிக்கு எழுப்ப வேண்டும், எப்படிப் போவாள், எப்போது திரும்புவாள், திரும்பும்போது வீட்டில் யார் இருப்பார்கள், யாரோடு விளையாடுவாள். நாங்கள் இதை யோசிக்காமல்தான் தொடங்கினோம்.

மகன் ஒன்றாம் வகுப்பு சேரும் வருடம், பெயர் பெற்ற பள்ளி ஒன்றின் பக்கம் வீடு வாங்க முடிவு செய்திருந்தோம். முன்பணம் கொடுக்கப் போகும் நேரத்தில் என் அம்மா, "ஒரு வருஷம் அங்கே குடியிருந்து பாருங்க, அப்புறம் கடன் வாங்கலாம்" என்று பிடிவாதமாகச் சொன்னார். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. ஆனாலும் கேட்டோம். பள்ளியிலிருந்து மூன்று கிலோமீட்டரில் வாடகைக்குப் போனோம்.

மூன்று கிலோமீட்டர்தான். ஆனால் பள்ளி வேன் நேராகப் போகாது, பதினான்கு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றிப் போகும். காலையில் முதலில் ஏறுபவன் எங்கள் மகன், மாலையில் கடைசியில் இறங்குபவனும் அவன்தான். ஒரு வழிக்கு முக்கால் மணி நேரம். மாலையில் வேன் கதவைத் திறந்தால் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருப்பான். கன்னத்தில் சீட்டின் தையல் கோடு பதிந்திருக்கும். எழுப்பி இறக்கினால் அழுகை, அப்புறம் வீட்டுப்பாடம், சாப்பாடு, தூக்கம். பள்ளியில் இன்று என்ன நடந்தது என்று நான் கேட்பதும் அவன் சொல்வதும் மெல்ல நின்றே போனது.

ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தினம் 90 நிமிடம், வருடத்துக்குச் சுமார் 200 பள்ளி நாட்கள். மொத்தம் 300 மணி நேரம். பள்ளி நாள் என்பது ஆறு மணி நேரம் என்றால், 50 பள்ளி நாட்கள் அளவுக்கு என் பிள்ளை வேனில் உட்கார்ந்திருக்கிறான். அந்தப் பள்ளி எவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்தாலும் இந்த நேரத்தை எங்கிருந்து திருப்பித் தரும்? பள்ளிக்கு ஒட்டியே வாங்கியிருந்தால் இந்தப் பிரச்சினை இல்லை, உண்மைதான். ஆனால் ஒட்டிய தெருக்களின் விலைக்குக் கடன் வாங்கினால், நானும் கணவரும் வார இறுதியிலும் கூடுதல் வேலை பார்த்தால்தான் தவணை கட்ட முடியும். வேனில் போகிற நேரம் மிச்சமாகும், அவனோடு இருக்க நாங்கள் இருக்க மாட்டோம்.

பள்ளிக்கு அருகில் வாங்கினால் நல்ல கல்வி தானாகக் கிடைத்த மாதிரி என்று சிலர் சொல்வார்கள். தானாக ஒன்றும் கிடைப்பதில்லை. அதற்கான தொகை வீட்டு விலைக்குள்ளேயே இருக்கிறது. சாண்ட்ரா பிளாக் என்ற பொருளாதார அறிஞர் 1999-இல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகக் காட்டியது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சுற்றியுள்ள புறநகர்களில் எந்தத் தெருவுக்கு எந்தப் பள்ளி என்று எல்லை வகுத்திருந்தார்கள். எல்லைக்கோட்டின் இரண்டு பக்கமும் கோட்டை ஒட்டி இருந்த வீடுகளை அவர் ஒப்பிட்டார். அக்கம்பக்கம் ஏறத்தாழ ஒன்றுதான், தொடக்கப் பள்ளி மட்டும் வேறு. தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் கூடுதலாக இருக்கும் பள்ளிக்காகப் பெற்றோர் சுமார் 2.5 சதவீதம் அதிக விலை கொடுத்திருந்தார்கள். அந்தக் கூடுதல் தொகையை நம்மைப் போன்றவர்கள் கடனாக வாங்கி, வட்டியோடு பல வருடங்கள் கட்டுவோம்.

சரி, கட்டினால் என்ன, பிள்ளைக்குத்தானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் மதிப்பெண் பட்டியல் எதைச் சொல்கிறது என்று பார்க்க வேண்டும். 1966-இல் ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியல் அறிஞர் தலைமையில் அமெரிக்காவில் லட்சக்கணக்கான மாணவர்களை வைத்துப் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. பள்ளிகளுக்கு இடையே உள்ள வசதி வித்தியாசத்தைவிட, பிள்ளைகளின் குடும்பப் பின்னணிதான் தேர்ச்சியோடு அதிகம் பொருந்திப் போனது. ஒரு பள்ளியின் சராசரி மதிப்பெண் உயர்ந்திருப்பதில், அங்கே வந்து சேரும் பிள்ளைகளின் வீட்டுச் சூழலுக்குப் பெரும் பங்கு உண்டு. அதைக் கழித்துவிட்டுப் பள்ளி எவ்வளவு சேர்த்தது என்பதைப் பட்டியல் காட்டாது. பிறகு வந்த ஆய்வுகள், ஒரே பள்ளிக்குள்ளேயே ஓர் ஆசிரியருக்கும் இன்னோர் ஆசிரியருக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருப்பதையும் காட்டின. அப்படியிருக்கும்போது வாசலில் தொங்கும் பெயர்ப்பலகை எதற்கு உத்தரவாதம் தரும்?

அடுத்து, பலரும் கோட்டை விடும் இடம். உங்கள் பகுதியில் பள்ளியில் இடம் எப்படிக் கிடைக்கிறது என்பதை வீடு பார்ப்பதற்கு முன்பே விசாரியுங்கள். விண்ணப்பம், தேர்வு, கட்டணம் என்று சேர்க்கும் பள்ளி என்றால், நீங்கள் அதன் மதில் சுவரை ஒட்டியே குடியிருந்தாலும் இடம் நிச்சயமில்லை. முகவரியை வைத்து இடம் ஒதுக்கும் முறை என்றால், எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்பதைத் தரகரிடம் கேட்காதீர்கள். பள்ளியிடமோ கல்வி அலுவலகத்திடமோ கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். என் தோழி ஒருத்தி "இந்தத் தெரு முழுக்க அந்தப் பள்ளிதான்" என்ற தரகர் பேச்சை நம்பி வாங்கினாள். கோடு அந்தத் தெருவின் நடுவே போனது. எதிர்வீட்டுப் பையனுக்கு அந்தப் பள்ளி, அவள் மகளுக்கு வேறு. பத்திரம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. அவள் அன்று தொலைபேசியில் பேசிய குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

இன்று சரியாக இருக்கும் கோடு நாளையும் அங்கேயே இருக்கும் என்றும் இல்லை. இங்கிலாந்தில் பல அரசுப் பள்ளிகள், விண்ணப்பங்கள் அதிகமாக வந்தால் வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரத்தைப் பார்த்து இடம் கொடுக்கின்றன. அந்த வருடம் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், ஏற்கெனவே படிக்கும் பிள்ளைகளின் தம்பி தங்கைகள் எத்தனை பேர் என்பதைப் பொறுத்து எட்டும் தூரம் வருடா வருடம் மாறும். சீனத் தலைநகர் பெய்ஜிங்கில் சிசெங் என்ற பகுதி, நல்ல பள்ளிகளுக்காகவே மக்கள் போட்டி போட்டு வீடு வாங்கிய இடம். 2020 ஜூலை 31-க்குப் பிறகு வாங்கும் வீடுகளுக்கு இந்தப் பள்ளி என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது, பல பள்ளிகள் கொண்ட தொகுப்பில் ஏதோ ஒன்றில் இடம் கிடைக்கலாம் என்று விதியை மாற்றினார்கள். ஒரே ஒரு பள்ளியை நம்பி வாங்கும் வீடு ஓர் அறிவிப்பில் வேறு வீடாகிவிடும். போய் வரும் தூரத்தில் ஏற்கத்தக்க இரண்டு மூன்று பள்ளிகள் இருக்கும் பகுதி எவ்வளவோ மேல்.

இன்னொரு விஷயம்: நீங்கள் பார்த்திருக்கும் பள்ளி எந்த வகுப்பு வரை? ஐந்தாம் வகுப்போடு முடிகிறது என்றால், அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்று கேளுங்கள். தொடக்கப் பள்ளியை மட்டும் பார்த்து வாங்கி, மேல்வகுப்புகளுக்கு ஊரின் மறுமுனைக்கு அலையும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் கதைக்கு வருகிறேன். வாடகை வருடம் முடிவதற்குள் வேறு பகுதிகளைப் பார்க்கத் தொடங்கினோம். அதில் ஒரு பகுதியில் இருந்த பள்ளியைப் பற்றி யாரும் புகழ்ந்தும் சொல்லவில்லை, குறையும் சொல்லவில்லை. அலுவலகத்தில் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மூன்று நாள், பள்ளி விடும் நேரத்தில் வாசலில் போய் நின்றேன். மூன்றாம் நாள் உள்ளே போய்ப் பேச அனுமதி கேட்டேன். அலுவலக அறைக்கு வெளியே ஒரு கூடை. பிள்ளைகள் தொலைத்த பொருட்கள்: தண்ணீர் பாட்டில்கள், ஒற்றைக் காலுறை, தொப்பி, ஒரு டிபன் டப்பா. ஒவ்வொன்றிலும் சின்னத் துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது, குழந்தைக் கையெழுத்தில். "திங்கள், சறுக்கு மரம் பக்கத்தில்." "புதன், பாட்டு வகுப்பு." டிபன் டப்பாவை யாரோ கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். மூடியபடி இரண்டு நாள் கிடந்த டப்பா எப்படி நாறும் என்று பிள்ளை வளர்க்கும் எவருக்கும் தெரியும். யாருடைய டப்பா என்றே தெரியாமல், அதைத் திறந்து கழுவி வைக்க அந்தப் பள்ளியில் ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. எனக்குச் சட்டென்று தொண்டை அடைத்தது.

கூடையைப் பார்த்து மட்டும் வீடு வாங்கிவிடவில்லை. தலைமை ஆசிரியரிடம் மூன்று கேள்விகள் கேட்டேன். ஆசிரியர்களில் எத்தனை பேர் ஐந்து வருடத்துக்கு மேல் இங்கேயே இருக்கிறார்கள்? மூன்றாம் வகுப்புக்கு வந்தும் சரளமாக வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு என்ன செய்கிறீர்கள்? ஒரு பிள்ளையை மற்றவர்கள் ஒதுக்குகிறார்கள் என்று தெரிந்தால் முதலில் யாரிடம் பேசுவீர்கள்? பதினெட்டு பேரில் பதினொரு பேர் என்று முதல் கேள்விக்கு உடனே சொன்னார். இரண்டாவது கேள்விக்கு, வாரத்தில் எந்த நாட்களில் யார் தனியாக உட்காரவைத்து வாசிக்க வைக்கிறார்கள் என்று ஆள் பெயரோடு சொன்னார். மூன்றாவதுக்குக் கொஞ்சம் யோசித்து, போன மாதம் நடந்த ஒன்றை, பிள்ளைகளின் பெயர் சொல்லாமல் விவரித்தார். பெயர் பெற்ற பள்ளியில் இதே கேள்விகளுக்கு எங்கள் கையில் கொடுக்கப்பட்டது வண்ணக் காகிதத்தில் அச்சடித்த சாதனைப் பட்டியல்.

அந்தப் பள்ளியிலிருந்து ஆறு நிமிட நடையில் வீடு வாங்கினோம். அங்கே குறைகளும் உண்டு. ஆய்வகம் சின்னது, விளையாட்டுப் பயிற்சிக்கு வெளியே போக வேண்டும். ஆனால் மகனுக்குக் கழித்தல் கணக்கு பிடிபடவில்லை என்பதை எங்களுக்கு முன்னால் கவனித்துக் கூப்பிட்டுச் சொன்னவர் அவன் வகுப்பாசிரியர்தான். வீட்டுக்கு நடந்து வரும் அந்த ஆறு நிமிடத்தில் அவன் ஓயாமல் பேசிக்கொண்டே வருவான். வகுப்பில் படிக்கும் நான்கு பேர் அதே தெருவில் இருப்பதால் மாலையில் விளையாட யாரையும் தேடிப் போக வேண்டியதில்லை.

எப்போது மாறுவது என்றும் கேட்டிருந்தீர்கள். சின்ன வயதிலேயே மாறுவது நல்லது. 1994 முதல் 1998 வரை அமெரிக்காவின் ஐந்து பெருநகரங்களில், கடும் வறுமைப் பகுதிகளில் இருந்த குடும்பங்களுக்குக் குலுக்கல் முறையில் உதவி கொடுத்து, வறுமை குறைந்த பகுதிகளுக்குக் குடிபெயர வழி செய்தார்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்த பிறகு ராஜ் செட்டி, நதானியல் ஹெண்ட்ரன், லாரன்ஸ் கட்ஸ் ஆகிய மூன்று பொருளாதார அறிஞர்கள் அவர்களின் வருமானத்தைப் பார்த்து 2016-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 13 வயதுக்கு முன் அந்த உதவியால் இடம் மாறியவர்கள் இருபதுகளின் நடுவில், அந்த உதவி கிடைக்காதவர்களைவிட 31 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். அதைவிடப் பெரிய வயதில் மாறியவர்களுக்கு நன்மை தெரியவில்லை, சற்றுப் பின்னடைவுகூட இருந்தது. நண்பர்களையும் பழகிய இடத்தையும் பாதியில் விட்டுவிட்டு வருவது வளர்ந்த பிள்ளைக்கு அவ்வளவு கஷ்டம். நம் நிலைமை அந்தக் குடும்பங்களின் நிலைமை இல்லை, அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இன்னொன்றையும் கவனியுங்கள்: அதே பிள்ளைகளின் பள்ளித் தேர்வு மதிப்பெண்ணை முன்பு பார்த்தபோது பெரிய முன்னேற்றம் தெரியவில்லை. மதிப்பெண்ணில் தெரியாத ஏதோ ஒன்றை அக்கம்பக்கம் அவர்களுக்குக் கொடுத்திருக்கிறது.

வீட்டின் அளவைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள், பிள்ளை அமைதியாக உட்கார்ந்து படிக்க ஒரு மூலை இருந்தால் இப்போதைக்குப் போதும். மறுவிற்பனைக்குப் பெயர் பெற்ற பள்ளிப் பகுதி சுலபம் என்பது நிஜம். ஐந்து வருடத்தில் விற்கும் எண்ணம் இருந்தால் அதற்கு எடை கொடுங்கள், நிரந்தரமாக இருக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் வேண்டாம்.

நீங்கள் சொன்ன விவரங்களை வைத்துப் பார்த்தால் நான் இரண்டாவது பகுதியைத்தான் முதலில் போய்ப் பார்ப்பேன். வார நாளில், பள்ளி விடுவதற்குப் பத்து நிமிடம் முன்பு வாசலில் நில்லுங்கள். வெளியே வரும் பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள், ஆசிரியர்கள் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா என்று கவனியுங்கள். அப்புறம் நீங்கள் பார்த்திருக்கும் வீடு வரை மகளின் கையைப் பிடித்து நடந்தே போங்கள், எந்த இடத்தில் சாலையைக் கடக்க வேண்டியிருக்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். முதல் பகுதியிலும் இதையே செய்யுங்கள். எது பிடிக்கிறதோ அங்கே ஒரு வருடம் வாடகைக்கு வீடு கிடைக்குமா என்று விசாரியுங்கள். மகளுக்கு மூன்று வயதுதான் ஆகிறது, அந்த ஒரு வருடம் உங்களிடம் இருக்கிறது.