ஆங்கிலத்தில் 'கோ' என்பதற்கு இறந்தகாலம் ஏன் 'வென்ட்'? 'கோட்' என்று வந்திருக்கலாமே?

'வென்ட்' அந்த வீட்டுப் பிள்ளையே இல்லை, தத்துப்பிள்ளை. ஆங்கிலத்தில் 'வெண்ட்' என்று வேறொரு வினை இருந்தது: திரும்பு, வழிபார்த்து நட என்று பொருள். கடைசி ஒலி நம் 'வண்டு'வில் வருவதுபோல மெல்லிது. இறந்தகாலத்தில் அது அழுந்தி 'வென்ட்' ஆகும். அனுப்பு என்கிற 'செண்ட்', 'சென்ட்' ஆகிறதே, அதேபோல. பழைய ஆங்கிலத்தில் 'கோ'வுக்கு 'ஏயொடெ' என்று ஓர் இறந்தகாலம் இருந்தது (அதுவும் ஒட்டாத வடிவம்தான்). 1500 வாக்கில் அதை ஒதுக்கிவிட்டு 'வென்ட்' வந்து உட்கார்ந்துகொண்டது. இருந்ததைப் பறிகொடுத்த 'வெண்ட்', 'வெண்டட்' என்று புதிதாக ஒன்று செய்துகொண்டது. இன்று எழுத்தில் எப்போதாவதுதான் தலைகாட்டும்.

பொருளில் 'கோ' நம் 'போ'வுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் மாதிரி. பால் கெட்டுப் போச்சு: 'கோ பேட்'. மழை வரப் போகுது: 'இட்ஸ் கோயிங் டு ரெயின்'. இரண்டு மொழியிலும் நடந்து போவது எதிர்காலம் ஆகிவிட்டது! ஆனால் பேச்சில் 'கோயிங் டு' சுருங்கி 'கான்னா' ஆவது இந்த எதிர்காலத்துக்கு மட்டும்தான். பின்னால் வினை வரவேண்டும். 'ஐம் கான்னா ஈட்' சரி, 'ஐம் கான்னா ஸ்கூல்' தப்பு.

நம்மவர்கள் அதிகம் வழுக்குவது 'கான்', 'பீன்' இரண்டில். 'ஹி ஹேஸ் கான் டு மதுரை' என்றால் ஆள் போயிருக்கார், இன்னும் திரும்பவில்லை. 'ஹி ஹேஸ் பீன் டு மதுரை' என்றால் போய்விட்டு வந்தாயிற்று. தமிழில் 'மதுரைக்குப் போயிருக்கார்' என்ற ஒரே வாக்கியம் இரண்டுக்கும் ஓடும், குழப்பம் அங்கேதான். நேர்காணலில் உட்கார்ந்துகொண்டு 'ஐ ஹேவ் கான் டு சிங்கப்பூர்' என்றால், எதிரே இருப்பது யார்?

'டிட்' வந்தால் 'வென்ட்' வராது: 'டிட் யூ கோ?' இறந்தகாலத்தை 'டிட்' ஏற்கெனவே சுமக்கிறது. 'கோ டு ஹோம்', 'கோ டு அப்ராட்' இரண்டிலும் 'டு' வேண்டாம். 'வீட்டுக்கு' என்பதில் உள்ள 'கு'வை அப்படியே தூக்கிக்கொண்டு போவதால் வரும் வினை இது.