வாசகர் கேள்வி: மிமிக்ரி சோறு போடுமா?

கேள்வி: அண்ணா, நான் மஸ்கெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பையன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறேன். நன்றாக மிமிக்ரி செய்வேன். சிவகார்த்திகேயனும் டிவியில் மிமிக்ரி செய்துதானே ஹீரோ ஆனார்? அம்மா மட்டும் "குரங்குச் சேட்டை சோறு போடாது" என்கிறார். எனக்கு வழி இருக்கிறதா?

பதில்: தம்பி, முதலில் அம்மா மேல் கோபப்படாதே. மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று கொழுந்து பறித்து உன்னை உயர்தரம் வரை கொண்டுவந்தவர், பயப்படத்தான் செய்வார்.

சிவகார்த்திகேயன் கதையை நாம் ரொம்பச் சுருக்கிவிட்டோம். திருச்சியில் இன்ஜினியரிங் படித்தவர், விஜய் டிவியின் 'கலக்கப்போவது யாரு' மூன்றாவது சீசனில் ஜெயித்தார், சரி. ஆனால் ஜெயித்த கையோடு ஹீரோ ஆகிவிடவில்லை. பல வருஷம் தொகுப்பாளராக நின்றார். 2012இல்தான் பாண்டிராஜின் 'மெரினா' வந்தது, அதே வருஷம் '3' படத்தில் தனுஷின் நண்பன் வேஷம். அடுத்த வருஷம் 'எதிர்நீச்சல்', 'வருத்தப்படாத வாலிபர் சங்கம்' வந்த பிறகுதான் ஊர் முழுக்க அவர் பேர்.

நீ பார்க்க வேண்டியது நடுவில் இருக்கிற அந்த டிவி வருஷங்களைத்தான். விஜய் டிவியில் அவர் நடத்திய 'அது இது எது' விளையாட்டு நிகழ்ச்சி ஞாபகம் இருக்கிறதா? 'மாத்தி யோசி' சுற்றில் எந்தக் கேள்விக்கும் தப்பான பதில்தான் சொல்ல வேண்டும், சரியாகச் சொல்லிவிட்டால் போச்சு. அதில் விருந்தினர் சொல்கிற பதிலிலிருந்தே அடுத்த கேள்வியைக் கொக்கி போட்டு இழுப்பார் அவர். எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கிற ஆளால் அது முடியாது, எதிரில் இருப்பவர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்கிறவரால்தான் முடியும். எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் டிஷ் இருந்த ஒரே வீட்டு வாசலில் நெருக்கியடித்துப் பார்ப்போம், மழை இறங்கினால் படம் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும், குரல் துண்டு துண்டாக வரும், அந்தத் துண்டுக்கே வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், மனசுக்குக் கஷ்டமாக இருந்தாலும். அதே டிவி மேடையில் நின்ற எல்லோருக்கும் ஹீரோ நாற்காலி கிடைக்கவில்லை. உடம்பெல்லாம் வெள்ளிப் பெயின்ட் பூசிக்கொண்டு ஊர் ஊராக ரோபோ மாதிரி ஆடி அந்தப் பெயரையே வாங்கிய ரோபோ சங்கர், 'மாரி' போன்ற படங்களில் காமெடி நடிகராக நம்மைச் சிரிக்க வைத்துவிட்டு 2025 செப்டெம்பரில் இறந்து போய்விட்டார். வடிவேலு வேஷம் கட்டிக் கலக்கிய வடிவேல் பாலாஜி 2020இலேயே போய்விட்டார். அவர்களும் திறமைசாலிகள்தான் தம்பி, குறைவாக நினைத்துவிடாதே.

நம் நாட்டிலும் வழி இல்லாமல் இல்லை. மரிக்கார் ராமதாஸ், உபாலி செல்வசேகரன், அப்புக்குட்டி ராஜகோபால், அப்துல் ஹமீத் எல்லோரும் இலங்கை வானொலியில் செய்த 'கோமாளிகளின் கும்மாளம்' அவ்வளவு பிரபலமாகி, 1976இல் 'கோமாளிகள்' என்று படமாகவே வந்தது. வெறும் குரலை வைத்துக்கொண்டு செய்தார்கள்.

அதனால் ரஜினி, விஜய் குரலைக் கொஞ்ச நாள் தள்ளி வை. அது ஆயிரம் பேரிடம் இருக்கிறது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் கங்காணி போடுகிற சத்தம், மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை இழுத்துச் சொல்லும் கிலோ, ஹட்டன் ஸ்டாண்டில் கண்டக்டர் ஒரே மூச்சில் "கொட்டகலை தலவாக்கலை நுவரெலியா" என்பது, இதையெல்லாம் பிடி. கோயில் திருவிழாவில் பத்து நிமிஷம் கேட்டு வாங்கிச் செய். படிப்பை மட்டும் விடாதே, மேல்படிப்புக்கு இடம் கிடைத்தால் கட்டாயம் போ, அங்கேயும் மேடை இருக்கும். ரிசல்ட் வந்ததும் எழுது, கணக்கப்பிள்ளை குரல் எப்படி வந்தது என்றும் எழுது.

கேள்வி: 'அமரன்' பார்த்தேன். சிவகார்த்திகேயன் காமெடியை விட்டுவிட்டாரா? (பண்டாரவளை வாசகி)

பதில்: அது சண்டையில் உயிரைக் கொடுத்த ராணுவ அதிகாரி மேஜர் முகுந்த் வரதராஜனின் வாழ்க்கை தங்கச்சி, அங்கே காமெடிக்கு இடம் இல்லை. 2021இல் வந்த 'டாக்டர்' படத்தை இன்னொரு தடவை பாருங்கள். சுற்றி இருப்பவர்கள் அத்தனை கூத்து அடிக்க, இவர் முகம் மட்டும் அசையாது. 'அது இது எது'வின் 'சிரிச்சா போச்சு' சுற்றில் சிரிப்பை அடக்கிப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களே விருந்தினர்கள், அச்சு அசல் அந்த முகம்.