கவிதை புரிகிறது, கடைக்காரர் பேச்சு புரியவில்லையா?

வணக்கம் சகோதரி. பிரெஞ்சுக் கவிஞர் லா ஃபோந்தேனின் நீதிக்கதைக் கவிதைகளை ஒலிப்பதிவில் கேட்டுப் பழகியும், பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்ட ரீயூனியன் தீவின் செயின்ட் டெனி நகரில் கடைக்காரர் பேசுவது பிடிபடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் காதில் குறையே இல்லை. 1668-இல் வெளிவரத் தொடங்கிய கவிதைகள் அவை. அந்த மரபில் அசைக் கணக்குக்காக, மெய்யொலிக்கு முன் வரும் மெலிந்த 'எ'யையும் உச்சரிப்பார்கள். பாட்டில் 'பெ-தீ-தெ ஃபீய்' (சிறுமி) என்று வருவது பேச்சில் 'ப்தீத் ஃபீய்' ஆகிவிடும். பாதி ஒலியைக் காணோம்!

கவிதையை விட்டுவிடாதீர்கள், நாக்கு திருந்த அருமையான பயிற்சி. கூடவே பிரான்சின் ஆர்எஃப்ஐ வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தியைத் தினமும் கேளுங்கள். 10 நிமிடம்தான், பேச்சு வேகம் பழகும்.

அப்புறம், கடைக்காரர் பேசியது ரீயூனியன் கிரியோலாகவும் இருக்கலாம்; பிரெஞ்சிலிருந்து கிளைத்த தீவு மக்களின் பேச்சுமொழி அது. பிரெஞ்சுப் பாடத்தில் வராது. அக்கம்பக்கத்தாரோடு பேசித்தான் பழக வேண்டும்.