பஸ்ஸில் ஆடிய அம்மாவும் ஓயாமல் பேசும் மிக்கியும்

கேள்வி: கொரிய இயக்குநர் போங் ஜூன்-ஹோவின் ‘பாரசைட்’டை நான்கு முறை பார்த்தவள் நான். அதற்கப்புறம் ஆறு வருடம் காத்திருந்து ‘மிக்கி 17’ பார்த்தேன். பாதியிலேயே மனசு விட்டுப்போச்சு. ஹாலிவுட் அவரைக் கெடுத்துவிட்டதா?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: எனக்கும் அதே கதிதான். இடைவேளையில் வாங்கிய டீ கையிலேயே ஆறிப்போனது.

ஹாலிவுட் மேல் பழியைப் போட எனக்கும் ஆசைதான். ‘ஸ்நோபியர்சர்’ படத்தில் 20 நிமிடத்தை வெட்டச் சொன்ன அமெரிக்க விநியோகஸ்தரோடு அவர் மல்லுக்கட்டியது உண்மை. ஆனால் ‘மிக்கி 17’இல் எதை வைப்பது, எதை வெட்டுவது என்ற கடைசி முடிவு தன் கையில்தான் இருந்தது என்று அவரே சொல்லிவிட்டார். அப்புறம் யாரைக் குறை சொல்ல?

பேசாமல் சொல்லத் தெரிந்த மனுஷன் அவர். ‘மதர்’ (2009) படத்தின் முடிவை நினைத்துப் பாருங்கள். சுற்றுலா பஸ்ஸுக்குள் பெண்கள் எழுந்து ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அம்மாவாக நடித்த கிம் ஹே-ஜா மட்டும் உட்கார்ந்திருக்கிறார். தொடையில் ஓர் அக்குபங்சர் ஊசியைக் குத்திக்கொள்கிறார். நெஞ்சில் கிடக்கும் கெட்ட நினைவுகளை மறக்கடிக்கும் இடம் அது என்று நமக்கு முன்பே தெரியும். மகனுக்காக அவர் என்ன செய்தார் என்பதும் தெரியும். பிறகு எழுந்து ஆட்டத்தில் கலந்துவிடுகிறார். ஜன்னல் வழியே சாயங்கால வெயில் அடிக்கிறது. அந்தக் கூட்டத்தில் அவர் யாரென்றே தெரியவில்லை. விளக்கிச் சொல்ல ஒரு வசனம்கூட இல்லை. எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும்.

‘மிக்கி 17’இல், செத்தால் மறுபடி அச்சடித்து எடுக்கப்படும் தொழிலாளி மிக்கி தன் கதையைப் பின்னணிக் குரலில் சொல்லிக்கொண்டே இருக்கிறான். நான் கண்டுபிடிக்க எதுவும் மிச்சமில்லை. மார்க் ரஃபலோ நடித்த தலைவர் வந்த முதல் காட்சியிலேயே கோமாளி என்று தெரிந்துவிடுகிறது. மீதி நேரமெல்லாம் கத்தல். ‘பாரசைட்’டில் கார் சாவியை எடுக்கும்போது பணக்கார முதலாளி பார்க் மூக்கைப் பொத்துவாரே, அந்த ஒரு நொடியில் இருந்த பணக்காரத் திமிர் இந்தக் கத்தலில் எங்கே இருக்கிறது?

ஒரு காட்சி மட்டும் பழைய போங். செத்த மிக்கியை மறுபடி அச்சடிக்கிறார்கள். பிரிண்டரில் காகிதம் வருவதுபோல உடம்பு முன்னும் பின்னுமாக அசைந்து வெளியே வருகிறது. தாங்கிக்கொள்ள மேசையை வைக்க மறந்துவிட்டதால் ஆள் வழுக்கித் தரையில் விழுகிறான். தியேட்டரே சிரித்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஓர் உயிருக்கு அங்கே என்ன மதிப்பு என்பதை அந்தக் காட்சியே சொல்லிவிட்டது. அதற்குமேல் அவன் பேசியிருக்க வேண்டாம்.

இப்போது ஆழ்கடல் உயிரினங்களை வைத்து ஓர் அனிமேஷன் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். வரட்டும். முதல் நாளே போய்விடுவேன்.