கிணத்துல மின்னுற கல்லு தங்கமா? ஆசிட்ட ஊத்துறதுக்கு முன்னாடி இதப் படிச்சிருங்க

கேள்வி: அண்ணே வணக்கம், கொட்டாம்பட்டிப் பக்கம் எங்க தோட்டத்துக் கிணத்த இந்த வருஷம் வெடி வச்சு ஆழப்படுத்துனோம். மேல் பாறையில தங்கக் கலர்ல தகடு தகடா மின்னுது, அடியில வந்த கருப்புக் கல்லுல தாயம் உருட்டுற சின்னச் சின்ன பாச்சிக்கா மாதிரி மஞ்சளா கட்டி கட்டியா இருக்கு. நகைப் பட்டறையில வேலை பாக்குற ஒருத்தர் 50 கிலோ கல்லும் 30 ஆயிரம் ரூபாயும் குடு, ஆசிட்ல போட்டு தங்கத்தப் பிரிச்சுத் தாரேன்னு சொல்றாரு. குடுக்கலாமா?

பதில்: தம்பி, குடுக்காதீங்க. காசு போறதுகூட ரெண்டாவது, அந்த ஆசிட் வேலைய உங்க தோட்டத்துலயோ வீட்டு கொல்லையிலயோ வச்சு செய்ய விடவே விடாதீங்க. ஏன்னு விவரமா சொல்றேன், கொஞ்சம் நீளமா இருக்கும், நான் கல்லு மண்ணு டெஸ்ட் பண்ற லேப்ல ரொம்ப வருஷம் இருந்தவன், இந்த விஷயத்துல அரைகுறையா சொல்லிட்டுப் போக மனசு வரல.

மொதல்ல மேல இருக்குற தகடு. அத நகத்தால நிமிண்டிப் பாருங்க, ஏடு ஏடா உரியும். நம்ம ஊர்ல இதுக்குப் பேரே காக்காப்பொன்னு, மைக்கா. கருப்பு மைக்கா மழையிலயும் வெயில்லயும் வருஷக்கணக்கா இத்துப்போனா கருப்பு வெளுத்து தங்கக் கலருக்கு வந்துரும். மேலூர், கொட்டாம்பட்டி, நத்தம்னு எங்க தோண்டுனாலும் இது வரும், அத அப்படியே விட்டுருங்க.

அடியில இருக்குற கட்டிதான் ஆள ஏமாத்துறது. நீங்க சொல்ற பாச்சிக்கா வடிவத்தப் பாத்தா அது பைரைட், இரும்பும் கந்தகமும் சேந்தது. வீட்டுலயே பாத்துரலாம். பீங்கான் கப்பக் கவுத்துனா அடி விளிம்புல பளபளப்பு இல்லாம சொரசொரன்னு ஒரு வட்டம் இருக்கும்ல, அதுல கட்டிய வச்சு அழுத்தி ஒரு கோடு இழுங்க. தங்கம்னா உரைகல்லுல விழுற மாதிரி மஞ்சக் கோடு விழும், பைரைட்னா கல்லு என்னதான் மஞ்சளா இருந்தாலும் கோடு கரும்பச்சையா, கருப்பா விழும். அடுத்து ஒரு கட்டிய ஆணி முனையில வச்சு தட்டுங்க, தங்கம் மெத்துன்னு அமுங்கும், இது பொடிப்பொடியா ஒடையும். இந்த ரெண்டு சோதனைக்கு நயா பைசா செலவில்ல. அடுப்புல போட்டு சுட்டு மட்டும் பாக்காதீங்க, கந்தகப் புகை வரும், சில கல்லுல ஆர்சனிக்குங்கற விஷமும் கூட இருக்கும்.

இப்ப பட்டறைக்காரர் விஷயம். அவர் பொய்தான் சொல்றார்னு நான் சொல்ல வரல. பட்டறையில கூட்டி அள்ளுற மண்ணுல அராவுன தங்கத்தூள் தங்கமாவே கெடக்கு, அதுல ராஜதிராவகம், அதாவது ஹைட்ரோகுளோரிக் மூணு பங்கு நைட்ரிக் ஒரு பங்கு, அத ஊத்துனா தங்கம் கரையும், அப்புறம் அன்னபேதிய, அதாவது இரும்பு சல்பேட்டக் கரைச்சு ஊத்துனா தங்கம் காப்பிப்பொடி கலர்ல அடியில படியும், இது வழிவழியா நடக்குற வேலை, கெமிஸ்ட்ரி சரிதான். ஆனா அதையே உங்க கல்லுல செஞ்சா என்ன நடக்கும்? பைரைட்டுல நைட்ரிக் பட்ட உடனே கொதிச்சு செங்காவிக் கலர்ல புகை கெளம்பும். அந்தப் புகைய ரெண்டு இழுப்பு இழுத்தவன் அன்னிக்கு சாயங்காலம் நல்லாத்தான் இருப்பான், ராத்திரி நுரையீரல்ல நீர் கோத்து மூச்சுக்கு அல்லாடுவான், எங்கூட வேலை பாத்த ஒரு பையன அப்படித்தான் விடியக்காலை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனோம். பொழச்சான், ஆனா ஒரு மாசம் மாடிப்படி ஏற முடியல.

இன்னொன்னு, கரைசல் மஞ்சளா மாறுனதும் "பாரு தங்கம் எறங்கிருச்சு"ன்னு காட்டுவாங்க. இரும்பு கரைஞ்சாலும் அதே மஞ்சள்தான் தம்பி! தங்கமா இரும்பான்னு தெரியணும்னா வெள்ளீயக் குளோரைடு ஒரு சொட்டு விடணும், தங்கம் இருந்தா ஊதாவா மாறும். கலரப் பாத்து காசு குடுத்தவங்க நெறைய பேர எனக்குத் தெரியும்.

சரி, பைரைட்டுக்குள்ள தங்கம் இருக்கவே இருக்காதான்னா, இருக்கும், சில ஊர் பைரைட்டுல கண்ணுக்குத் தெரியாத அளவுல இருக்கு. ஆனா கணக்குப் போடுங்க. ஒரு டன் கல்லுல 5 கிராம் இருந்தாலே நல்ல சுரங்கம்னு கம்பெனிக்காரன் ஓடி வருவான். உங்க 50 கிலோவுல அந்தக் கணக்குல கால் கிராம், ரெண்டு குன்றிமணி எடை. அதுக்கு 30 ஆயிரமா?

அப்ப சுரங்கத்துல மட்டும் எப்படிக் கட்டுப்படியாகுதுன்னு கேப்பீங்க. அங்கதான் கெமிஸ்ட்ரி வேலை செய்யுது, வெடி வைக்கிறதும் லாரியில அள்ளுறதும் முன்வேலைதான். 1887ல கிளாஸ்கோவுல மெக்ஆர்தர்ங்கற கெமிஸ்ட்டும், ஃபாரஸ்ட்னு டாக்டரா இருந்த அண்ணன் தம்பி ரெண்டு பேரும் சேந்து சயனைடு முறைக்கு பேடண்ட் வாங்குனாங்க. மாவா அரைச்ச கல்லுல ரொம்பக் கொஞ்சமா சயனைடு கலந்த தண்ணி விட்டு காத்து ஊதுனா, அந்தக் காத்துல இருக்குற ஆக்சிஜன் தொணையோட தங்கம் மெதுவா கரைஞ்சு தண்ணிக்கு வந்துரும். அதுல கண்டிப்பா சுண்ணாம்பு போட்டு காரத்தன்மைய பிஎச் பத்தரைக்கு மேலயே வச்சிருக்கணும், கொறஞ்சு புளிப்புப் பக்கம் போயிட்டா சயனைடு வாயுவா கெளம்பி நிக்கிற ஆளயே கொன்னுரும். கரைஞ்ச தங்கத்தப் பிடிக்கிறது எது தெரியுமா, நம்ம கொட்டாங்கச்சிக் கரி! தேங்காச் சிரட்டையச் சுட்டுப் பக்குவப்படுத்துன கரியில நுண்ணிய துளை நெறைய, தங்கம் அதுல போயி ஒட்டிக்கும், ஒலகத்துல இருக்குற பெரிய தங்க ஆலைகள்ல இன்னிக்கும் இதான் நடக்குது. நம்ம தமிழ் சனங்க தலைமுறை தலைமுறையா உழைச்ச கோலார் சுரங்கத்துல மூணு கிலோமீட்டருக்கும் மேல ஆழத்துக்குப் போயி கல்லெடுத்தாங்க, கடைசியில டன்னுக்குக் கிடைக்கிற கிராம் கொறஞ்சு செலவு ஏறி 2001ல மூடிட்டாங்க, அந்த சயனைடு மண் மேடு இன்னும் ஊரச் சுத்தி நிக்குது. வீட்டுல செய்ற வேலையில்லன்னு புரியுதுல்ல.

கல்லுல இருந்து பொருளப் பிரிக்கிறது எப்படின்னு பக்கத்துலயே பாக்கணும்னா சிவகங்கையில அரசாங்கத்தோட டாமின் கம்பெனிக்கு கிராஃபைட் சுரங்கமும் ஆலையும் இருக்கு. பென்சில் கரிதான் கிராஃபைட், அதுக்குத் தண்ணி ஒட்டாது, சுத்தி இருக்குற வெங்கச்சங்கல்லுக்குத் தண்ணி ஒட்டும், இந்த ஒரு குணத்த வச்சே மொத்த ஆலையும் ஓடும். அரைச்ச கல்லுக்கரைசல்ல துளி மண்ணெண்ணெய் மாதிரி எண்ணெய் விட்டு, நுரை வர ஒரு மருந்து விட்டு, அடியில காத்த ஊதுனா கிராஃபைட் குமிழியில தொத்திக்கிட்டு மேல வரும், கல்லு அடியில தங்கிரும். நான் மொதமொத அந்த மாதிரி தொட்டிய எட்டிப் பாத்தப்ப நுரை வெள்ளி மாதிரி மினுமினுன்னு பொங்கி விளிம்புல வழிஞ்சுக்கிட்டே இருந்துச்சு, விரல விட்டு எடுத்தா வழவழன்னு கருப்பு, சோப்புப் போட்டும் ரெண்டு நாள் போகல. செம்பு, ஈயம், துத்தநாகம் எல்லாத்துக்கும் இதே நுரை வித்தைதான், மருந்து மட்டும் மாறும். செம்புக் கல்லோட பைரைட்டும் சேந்து மேல வராம இருக்க அங்கயும் சுண்ணாம்புதான் போடுவாங்க.

உங்களுக்கு இன்னும் சந்தேகம் தீரலன்னா ஒரு வழி இருக்கு. கட்டிய மட்டும் பொறுக்காம வெங்கச்சங்கல் ஓட்டம், கருப்புக் கல்லு எல்லாம் கலந்து ஒரு ரெண்டு கிலோ எடுத்து, கலெக்டர் ஆபீஸ்ல இருக்குற கனிமவளத்துறையில காட்டி எங்க டெஸ்ட் பண்ணணும்னு கேளுங்க. ஃபயர் அஸ்ஸேன்னு கேக்கணும். கல்லுப்பொடி 30 கிராம், ஈய ஆக்சைடு, வெங்காரம், சோடா, கூட கொஞ்சூண்டு கோதுமை மாவு போட்டு உலையில உருக்குவாங்க, மாவு கரியாகி ஈயத்த எறக்கும், அந்த ஈயம் தங்கத்தச் சேத்து இழுத்துட்டு அடியில உக்காரும், அப்புறம் எலும்புச் சாம்பல் கிண்ணத்துல வச்சா ஈயத்தக் கிண்ணம் குடிச்சிரும், மிச்சம் கடுகவிடச் சின்னதா ஒரு மணி நிக்கும். அதுல கலந்திருக்குற வெள்ளிய நைட்ரிக்ல கரைச்சு எடுத்துட்டு, மிச்சத்த எடை போட்டாத்தான் உண்மை. நகைக்கடை எக்ஸ்ரே மெஷின்ல கல்ல வச்சு வர்ற நம்பர நம்பாதீங்க, அது நகைக்குன்னு செட் பண்ணுனது. ஒருவேளை தங்கமே இருந்தாலும், பட்டா உங்க பேர்ல இருந்தாலும், 1957 வருஷக் கனிமச் சட்டப்படி லீஸ் இல்லாம தோண்டி எடுக்க முடியாது.

நீங்க கேக்காத ஒண்ணு, எனக்கு அதான் பெரிய கவலை. வெட்டுன கல்ல கிணத்து மேட்டுலயே குமிச்சு வச்சிருப்பீங்க. பைரைட் காத்தும் மழைத்தண்ணியும் பட்டா அன்னபேதியாவும் கந்தக அமிலமாவும் மாறும், சில பாக்டீரியா அத இன்னும் வேகமாக்கும், அந்தத் தண்ணி திரும்ப கிணத்துக்குள்ளதான் எறங்கும். கல்லு மேல துருக் கலர்ல, ஆரஞ்சா கறை வடிய ஆரம்பிச்சிருந்தா வேலை தொடங்கிருச்சுன்னு அர்த்தம். நல்ல வேளையா உங்களுக்கு அங்கங்க கொஞ்சம் கட்டிதான் இருக்குன்னு தோணுது, இருந்தாலும் ஐப்பசி மழைக்கு முன்னாடி அந்த மஞ்சக்கட்டி உள்ள கருப்புக் கல்ல மட்டும் ஜேசிபி விட்டு கிணத்த விட்டும் ஓடைய விட்டும் தள்ளி மேட்டுக்குக் கொண்டு போயிருங்க, அடியில சுண்ணாம்புக்கல் தூள் பரப்பி மேல களிமண் போட்டு மூடுங்க. மழை முடிஞ்சதும் கிணத்துத் தண்ணிய ஒரு லிட்டர் சுத்தமான பாட்டில்ல பிடிச்சு குடிநீர் வடிகால் வாரிய லேப்ல பிஎச், இரும்பு, சல்பேட் மூணும் பாக்கச் சொல்லுங்க, பிஎச் ஆறரைக்குக் கீழ வந்துச்சுன்னா குடிக்கிறத நிறுத்திட்டு எனக்கு ரிசல்ட்ட அனுப்புங்க, எவ்வளவு சுண்ணாம்பு போடணும்னு கணக்குப் போட்டுச் சொல்றேன்.