நாற்பது பேரைத் தெரியும், அப்பாவைத் தெரியாது

கேள்வி: அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் கணக்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆண், பெண் இருபாலரும் சேரக்கூடிய ஆல்ஃபா கப்பா சை என்ற வணிகத்துறை ஃபிரட்டர்னிட்டியில், அதாவது மாணவர் சங்கத்தில், அழைப்புக் கிடைத்து, இப்போது பிளெட்ஜாக, அதாவது முழு உறுப்பினராகும் முன் பயிற்சி நிலையில் இருக்கிறேன். உறுப்பினர்கள் ஒவ்வொருவரையும் தனியே சந்தித்து, ஊர், படிப்பு, இன்டர்ன்ஷிப் பற்றியெல்லாம் கேட்டறிய வேண்டும். நாற்பது பேரை முடித்துவிட்டேன். கட்டணத்துக்குப் பணம் கேட்டால், "குடித்துக் கூத்தடிக்கும் கூட்டம் அது" என்று அப்பா மறுக்கிறார். திருப்பூரில் ஏதோ ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதும் அவருக்கு நெட்வொர்க்கிங்கின் அருமை புரியவில்லை. எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: மகளே, நீ கேட்ட கேள்விக்கு விடை எளிது. உன் அப்பா அஞ்சுவது, தனி வீடெடுத்துத் தங்கி, ஆண்களையோ பெண்களையோ மட்டும் சேர்த்துக்கொள்ளும் சமூக ஃபிரட்டர்னிட்டிகளைப் பார்த்து. நீ சேர விரும்புவது தொழில்துறை சார்ந்தது. கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டின் டைட்டில் 9 சட்டம், 1974இல் வந்த திருத்தத்தில் முன்னதற்கு விலக்கு அளித்தது, பின்னதற்கு அளிக்கவில்லை. அதனால்தான் 1970களின் நடுவில் இவை பெண்களுக்குக் கதவைத் திறந்தன. இதை அவருக்கு எடுத்துச் சொல்.

ஆனால் என்னை உறுத்துவது வேறொன்று. கணக்கியல் படிக்கும் நீ, கணக்கு எழுதியே உன்னைக் கடல் கடந்து அனுப்பிய மனிதரின் கம்பெனிப் பெயரைக்கூட எழுதாமல் "ஏதோ ஒரு" என்று கடந்துபோயிருக்கிறாய். முன்பின் அறியாத நாற்பது பேரிடம் குறிப்பேட்டோடு உட்கார்ந்து சொந்த ஊர் முதல் கோடை வேலைவரை கேட்டறிந்த உனக்கு, அப்பாவிடம் ஒரு மணி நேரம் உட்காரத் தோன்றவில்லையே! அவருக்கு அருமை புரியவில்லை என்று எழுத உனக்குக் கை எப்படி வந்தது?

நீ சேரப்போகும் அமைப்பின் கதையையாவது படித்தாயா? 1904இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளியில் அதைத் தொடங்கியவர்களில் நால்வர், மாலை வகுப்பு முடிந்து புரூக்ளின் பாலத்தைக் கடந்து சேர்ந்தே வீடு திரும்பியவர்கள். அந்த நடையின் பேச்சில் முளைத்ததுதான் அது. அத்தகைய பேச்சுக்கு உரிய ஒருவர் உன் வீட்டிலேயே இருக்கிறார். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது ஜாப் ஒர்க் பில்களை எப்படிச் சமாளித்தார், வெளிநாட்டு பையர் பணத்தை இழுத்தடித்தால் சம்பளத் தேதியில் என்ன செய்வார்கள், முதல் வேலையை யார் சொல்லி வாங்கினார் என்றெல்லாம் கேள். அந்தக் கடைசிக் கேள்விக்கு அவர் சொல்லும் விடையும் நெட்வொர்க்கிங்தான்.

படிக்க வைக்கும் பெற்றோருக்குத் தம் பணம் எங்கே போகிறது என்று அறியும் உரிமை உண்டு என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆகவே சேர்க்கைக் கட்டணம் எவ்வளவு, ஒவ்வொரு செமஸ்டருக்கும் சந்தா எவ்வளவு, சீருடை, பயணம் என்று வேறு என்ன கேட்பார்கள் என்பதைக் கணக்காக எழுதி அவருக்கு அனுப்பு; கணக்கு அவருக்குப் புரியும். 2024 டிசம்பரில் கையெழுத்தான அமெரிக்க ராகிங் தடுப்புச் சட்டத்தின்படி, மாணவர்களைத் துன்புறுத்தியதாகக் கண்டறியப்பட்ட அமைப்புகளைப் பற்றிப் பல்கலைக்கழகங்கள் அறிக்கை வெளியிட வேண்டும். உன் பல்கலைக்கழகத்தின் அறிக்கையைத் தேடிப் படித்து, அதையும் சேர்த்து அனுப்பு. அப்பாவிடம் சொல்லக் கூசும் எதையாவது உன்னைச் செய்யச் சொன்னால், எவ்வளவு பெரிய வேலை கிடைப்பதாக இருந்தாலும் அன்றே வெளியேறிவிடு.

இத்தனைக்குப் பிறகும் அவர் மறுத்தால் இந்த முறை விட்டுவிடு. பொதுவாக ஒவ்வொரு செமஸ்டரிலும் புதியவர்களைச் சேர்க்கிறார்கள். அதற்குள் வளாகத்திலேயே பகுதிநேர வேலை தேடி, கட்டணத்தை உன் சம்பளத்திலிருந்து கட்ட முடியுமா என்று பார்.